திருத்தணியில் கோடை வெப்பப் பாதுகாப்பு

திருத்தணி, தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திரப் பிரதேச எல்லையை ஒட்டி அமைந்துள்ள மலைக்கோயில் நகரம் ஆகும். முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றான இவ்வூர், கோடையில் மாநிலத்தின் மிகுதியான வெப்பநிலை பதிவாகும் இடங்களுள் ஒன்றாகும். இங்கு வாழ்வோரும் மலையேறும் பக்தர்களும் கோடையில் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு முறைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வெப்பத்தின் காரணம்

திருத்தணி சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 85 கி.மீ. தொலைவில் உள்ளது. சென்னையில் நண்பகலை ஒட்டி வீசும் கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கிறது. அக்காற்று திருத்தணியைத் தாமதமாகவும் வலுக்குறைந்தும் அடைகிறது. மே மாதத் தொடக்கம் முதல் ஏறத்தாழ 25 நாட்கள் கத்திரி வெயில் அல்லது அக்கினி நட்சத்திரம் எனப்படுகின்றன. எனினும் ஏப்ரல், சூன் மாதங்களிலும் கடும் வெப்பம் நிலவுவதுண்டு. சமவெளியில் வெப்பநிலை 40 °செ. அளவை எட்டி, இயல்பை விட 4.5 °செ. கூடுதலாக இருந்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை வெப்ப அலை என வரையறுக்கிறது.

உடலில் ஏற்படும் விளைவுகள்

உடலின் இயல்பு வெப்பநிலை ஏறத்தாழ 37 °செ. ஆகும். வியர்வை ஆவியாவதால் உடல் குளிர்கிறது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சும்போது வியர்வை ஒன்றே காப்பாகிறது. நீரும் உப்பும் குறைந்தால் தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல், சோர்வு ஆகியன தோன்றும். உடல் வெப்பநிலை 40 °செ. அளவைத் தாண்டி, பேச்சில் குழப்பம், வலிப்பு அல்லது மயக்கம் ஏற்படுவது வெப்பத்தாக்கு எனப்படும். இது உயிருக்கு ஆபத்தானது. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்பது தவறான கருத்தாகும்; கடும் உழைப்பின்போது வியர்த்த நிலையிலும் இது ஏற்படலாம்.

மலையேறுவோருக்கான முறைகள்

கோயிலுக்குச் செல்லும் 365 படிகள் ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கூறப்படுகிறது. சித்திரைப் பெருவிழாவும் ஆடிக் கிருத்திகையும் வெப்பம் மிகுந்த காலத்தில் வருகின்றன. வெறுங்காலுடன் ஏறுவோருக்குச் சுடும் கற்களால் பாதத்தில் கொப்புளம் உண்டாகலாம்.

* காலை 9 மணிக்கு முன்போ மாலை 5 மணிக்குப் பின்போ படியேறுவது நன்று. நண்பகலில் மலைப்பாதையில் வாகனத்தில் செல்லலாம்.
* விரதம் இருந்து காவடி எடுப்போர் நீர் அருந்துவதைத் தவிர்த்தல் கூடாது.
* முதியோர், கருவுற்ற பெண்கள், சிறுவர் ஆகியோர் நிழலில் இடையிடையே ஓய்வெடுக்க வேண்டும்.

நீரும் உணவும்

தாகம் எடுக்கும் முன்பே சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். உப்பிட்ட நீர்மோர், கூழ், இளநீர், நுங்கு ஆகியன ஏற்றவை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு தூய நீரில் கரைக்க வேண்டும். நீர் குறைந்தால் உப்பு மிகும். சிறுநீரக, இதய நோயாளிகள் மருத்துவரின் அறிவுரைப்படி நடக்க வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களில் பானைகளை மூடி வைப்பதும், நீளமான பிடியுள்ள குவளையால் நீர் மொள்வதும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும்.

முதலுதவி

வெப்பத்தாக்கு எனத் தோன்றினால் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அது வரும்வரை காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

* நிழலில் கிடத்தி, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்துதல்
* உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுதல்
* கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் குளிர்ந்த ஈரத்துணி வைத்தல்

மயங்கியவருக்கு வாய் வழியாக நீர் புகட்டக் கூடாது. அது மூச்சுக்குழலில் புகக்கூடும். பாராசிட்டமால் இவ்வெப்பத்தைக் குறைக்காது.

அரசு நடவடிக்கைகள்

2015 ஆம் ஆண்டு வெப்ப அலையில் இந்தியாவில் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவர்களுள் பெரும்பாலோர் ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா மாநிலங்களைச் சேர்ந்தோர். அகமதாபாத் நகரம் 2013 ஆம் ஆண்டிலேயே வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைப்படுத்தியிருந்தது. தமிழ்நாடு அரசு 2024 ஆம் ஆண்டு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதன்படி வெப்ப அலையால் இறந்தோரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கப்படுகிறது.