ஈயம் போன பெட்ரோலும் பழைய எஞ்சினும்

பழைய அம்பாசிடர், பியட் வைத்திருந்த வில்லியனூர், பாகூர் அன்பர்களுக்கு 2000-ஆம் ஆண்டு முக்கியமானது.

சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் அது கெட்டுவிடும். ஆகவே ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடெங்கும் அதுவே.

ஈயம் நாக்கிங்கைத் தடுத்ததுடன், எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேயாமலும் காத்தது. அது இல்லாமல், பாரத்துடன் நெடுந்தூரம் ஓடும் பழைய எஞ்சின்களில் சீட் தேயும். வால்வு சரியாக மூடாது. கம்ப்ரஷன் குறைந்து இழுவை போகும். கடினப்படுத்திய சீட் பொருத்துவதே தீர்வு.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கம், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயப் புகை நின்றது. ஐந்தொகை போட்டால் லாபமே. இன்றும் பழைய கார் வைத்திருப்போர் டாப்பெட் இடைவெளியை அவ்வப்போது பார்க்கவும்.