புதுப்பனிக்குப் பிந்தைய பனிச்சரிவு: பயணிகளும் உடன்செல்வோரும் அறிய வேண்டியவை

காஷ்மீர், லடாக், இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட் ஆகிய பகுதிகளின் மலைகளில் கடும் பனிப்பொழிவு ஓய்ந்து வானம் தெளிந்தவுடன் நடைப்பயணம் தொடங்கப் பலரும் விரும்புவர். ஆயினும் பனிப்பொழிவின்போதும் அதற்குப் பிந்தைய 24 முதல் 48 மணி நேரத்திலும் பனிச்சரிவு அபாயம் மிகுதியாக இருக்கும். தெளிந்த வானத்தைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

பனிச்சரிவு எவ்வாறு ஏற்படுகிறது?

மலைப்பனி அடுக்கடுக்காகப் படிகிறது. வலுவற்ற பழைய அடுக்கின்மேல் புதுப்பனியோ காற்றால் குவிக்கப்பட்ட பனியோ பாரமாக அமரும்போது, ஒரு மனிதரின் எடைகூட அதனைத் தட்டாகப் பெயர்த்துச் சரியச் செய்யப் போதுமானது. 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளிலேயே இது பெரும்பாலும் நிகழ்கிறது. பயணிகள் சிக்கும் விபத்துகள் பலவற்றில் சரிவைத் தூண்டுவோர் அவர்களோ அவர்தம் குழுவினரோதான்.

எச்சரிக்கை அறிகுறிகள்

- அருகில் அண்மையில் ஏற்பட்ட சரிவின் தடம்
- காலடியில் பனி அமிழும் ஓசை, பரவும் விரிசல்கள்
- பலத்த காற்று, திடீர் வெப்ப உயர்வு, மழை

இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வந்த வழியே திரும்புங்கள். செங்குத்தான சரிவின் அடிவாரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் கூடாரம் அமைக்காதீர்கள்.

புறப்படும் முன்

- பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்.
- ஒவ்வொருவரிடமும் சமிக்ஞை அனுப்பிப் பெறும் டிரான்ஸ்சீவர், பனியைத் துழாவும் நீண்ட கோல், பனி அள்ளும் ஷவல் ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருப்பதும் இன்றியமையாதது.
- இதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உடையோர் மருத்துவரின் ஆலோசனை பெறுங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது. அதனையும் இன்ஹேலரையும் உள்ளாடைக்கு அருகில் வையுங்கள். பாதங்களில் உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளிகளுக்கு உறைபனிக் காயம் தெரியாமலே முற்றக்கூடும்.

அபாயமுள்ள சரிவைத் தவிர்க்க இயலாவிடில் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து செல்லுங்கள்; ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனித்திருங்கள்.

ஒருவர் புதையுண்டால்

முழுவதும் புதையுண்டவர் பெரும்பாலும் மூச்சுத் திணறியே இறக்கிறார். முதல் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுவோரில் பெரும்பான்மையினர் பிழைக்கின்றனர்; அதன் பின்னர் வாய்ப்பு விரைந்து குறைகிறது. மீட்புப் படை வந்துசேர இதைவிட நேரமாகும். எனவே அவரது உயிர் உடனிருக்கும் உங்கள் கையில்தான் உள்ளது.

1. மறு சரிவு வருமா எனப் பாருங்கள். அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அதற்குக் கீழே தேடுங்கள். தொலைபேசி கிடைத்தால் 112 எண்ணை அழையுங்கள். உதவி தேடி அனைவரும் அகன்றுவிடாதீர்கள்.
2. கோல் தட்டுப்பட்ட இடத்தின் கீழ்ப்புறத்திலிருந்து தோண்டுங்கள். முதலில் முகத்தையும் மார்பையும் விடுவித்து, வாயிலுள்ள பனியை அகற்றுங்கள்.
3. சுயநினைவும் சுவாசமும் இல்லையெனில் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்துக் காற்றூதுங்கள். பின் 30 மார்பு அழுத்தங்களுக்கு 2 ஊதல்கள் என்ற அளவில் தொடருங்கள்.
4. மெதுவாகவும் கிடைநிலையிலும் கையாளுங்கள். ஈர உடையை அகற்றி உடற்பகுதியைப் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள், மது கொடுக்காதீர்கள்.

குளிர்ந்து விறைத்த உடலைக் கண்டு இறந்துவிட்டதாக நீங்களே முடிவு செய்யாதீர்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் படைப்பிரிவின் 10 வீரர்கள் பனிச்சரிவில் புதையுண்டனர். அவர்களுள் ஹனுமந்தப்பா ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டார். எனினும் பிப்ரவரி 11 அன்று தில்லியில் காலமானார். இது மிக அரிதான நிகழ்வு. தாமதிக்கலாம் என்பதற்குச் சான்றன்று.

நீங்களே சிக்கினால்

உரக்கக் குரல் கொடுங்கள். ஊன்றுகோல்களை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலக முயலுங்கள். வேகம் குறையும்போது இரு கைகளையும் முகத்தின் முன் குவித்து, மூச்சுவிட இடம் உண்டாக்குங்கள். பனி நின்றபின் இறுகிவிடும். அப்போது அசைய இயலாது.

மருத்துவமனைக்கு எப்போது?

புதையுண்டு மீண்டவர் நலமாகத் தோன்றினாலும் கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்கள். உடல்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழ் இறங்குதல், உட்காயம், நுரையீரல் பாதிப்பு ஆகியவை பின்னரே வெளிப்படலாம். உறைந்த விரல்கள் மீண்டும் உறையும் வாய்ப்பிருந்தால், வழியில் அவற்றை உருக்க முயலாதீர்கள்.