சரக்கு வண்டி ஏறிய ஏழைகள்

சீட்டு வாங்காமல் சரக்கு வண்டியில் தொற்றி ஏறிப் போகிறவனைக் கண்டால், உலகம் அவனுக்கு இரண்டு பெயர்களே வைத்திருக்கிறது. பொருள் படைத்தோர் அவனைத் திருடன் என்பர். கதை எழுதுவோரும் படம் எடுப்போரும் அவனை ஊர் சுற்றும் உல்லாசி என்பர். அவ்வாறு ஏறிப் போன வறியவனைக் கேட்டாலோ, எல்லாம் தலைவிதி என்று சொல்லி வாய் மூடுவான். இம்மூன்று கூற்றுக்களும் பிழையானவை என்பதை அமெரிக்க நாட்டுச் சரித்திரங்கொண்டு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்நாட்டில் 1929-ம் ஆண்டுக்குப் பின் லட்சக்கணக்கான மக்கள் சரக்கு வண்டிகளின் கூரைமீதும், வெறும் பெட்டிகளுக்குள்ளும், பெட்டிகளின் இடைவெளிகளிலும் ஒண்டிக்கொண்டு மாகாணம் மாகாணமாக அலைந்தனர். முதலில் வேலை போயிற்று. வேலையோடு வீடு போயிற்று. வீடில்லாதவனுக்கு எவ்வூரிலும் உதவியில்லை என்று சட்டம் சொல்லிற்று. இம்மூன்று காரியங்களும் மனிதர் செய்தவையே. மனிதர் செய்தவற்றை மனிதரே மாற்றவும் கூடும் என்பதற்கும் அதே சரித்திரம் சான்று பகர்கிறது.

இவ்வழக்கம் 1929-ல் புதிதாகத் தோன்றியதன்று. 1869-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி அமெரிக்காவின் கிழக்குப் பகுதியையும் மேற்குப் பகுதியையும் இணைக்கும் இருப்புப்பாதை முடிவுற்றது. பாதை போட்ட கூலிகளும், உள்நாட்டுப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களும், 1873-ம் ஆண்டு வியாபார வீழ்ச்சியில் வேலை இழந்தோரும் அப்பாதையின் வழியே பிழைப்புத் தேடிப் போகத் தலைப்பட்டனர். கோதுமை அறுவடைக்கு ஓரிடம், மரம் வெட்ட வேறிடம், பழம் பறிக்க மற்றோரிடம் என்று பருவத்துக்கேற்ப ஆள் தேவைப்பட்டது. ஆள் வேண்டும் என்ற முதலாளிகள் ஆளுக்கு வண்டிச் சத்தம் கொடுப்பாரில்லை. ஆகவே உழைப்பாளி சரக்கு வண்டியில் ஏறினான். அறுவடை முடிந்தபின் அவ்வூரில் தங்கினாலோ, வேலையற்றுத் திரிபவன் என்று பிடித்துச் சிறையிலடைக்கச் சட்டங்கள் இருந்தன. அத்தகைய சட்டத்தை 1876-ம் ஆண்டில் முதன்முதல் இயற்றியது நியூ ஜெர்சி மாகாணம். உழைப்பு வேண்டும், உழைத்தவன் வேண்டாம் என்பதே அச்சட்டங்களின் சாரம்.

இவ்வாறு அலைந்து உழைப்பவரை அந்நாட்டார் ‘ஹோபோ’ என்று அழைத்தனர். அலைவான், ஆனால் உழைப்பான் என்பது அச்சொல்லின் பொருள். உழைக்காமல் அலைபவனுக்கும், அலையாமலும் உழையாமலும் கிடப்பவனுக்கும் வேறு வேறு சொற்கள் இருந்தன. ஹோபோக்கள் இவ்வேற்றுமையை மானப் பிரச்னையாகவே கருதினர். இளமையில் தாமும் ஒரு ஹோபோவாகத் திரிந்த நெல்ஸ் ஆண்டர்சன் என்னும் அறிஞர், சிக்காகோ நகரத்து வீடற்றவரைப் பற்றி 1923-ல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களும் சமுதாயத்தின் ஓர் அங்கமே என்று படித்தவர் உலகம் உணர்வதற்கு அந்நூல் துணை செய்தது.

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பாங்கிகள் மூடுண்டன. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. வாடகை கொடுக்க மாட்டாதவர் தெருவில் விடப்பட்டனர். வீட்டை ஈடு வைத்தோர் வீட்டையும், நிலத்தை ஈடு வைத்த உழவர் நிலத்தையும் இழந்தனர். நகரங்களின் ஓரங்களில் தகரத்தாலும் பழம் பலகையாலும் குடிசைச் சேரிகள் எழுந்தன. அன்றைய ஜனாதிபதி ஹூவர் பெயரையே ஏளனமாகச் சூட்டி, அவற்றை ‘ஹூவர்வில்’, அதாவது ஹூவர் ஊர், என்று மக்கள் அழைத்தனர்.

இவ்வீழ்ச்சி நம்மையும் விட்டுவைக்கவில்லை. நம் தோட்டங்களில் வெட்டிய ரப்பரை மிகுதியாக வாங்கியது அமெரிக்க மோட்டார் டயர்த் தொழிலே. ஒஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரில் டயர்த் தொழிலாளி வேலையிழந்தபோது, இங்கே ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து தாய்நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்கே சரக்கு வண்டி ஏறியவனும் இங்கே கப்பலேறியவனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரே நாளில் அடிக்கப்பட்ட இரு பெயர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம்.

கணக்குப் புத்தகம் என்ற சொல்லை யான் காரணத்தோடுதான் எழுதுகிறேன். தோட்டத்திலே செக்ரோல் எழுதுகிற கிராணிக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். பெரட்டில் பேர் விழுந்தவனுக்குச் சம்பளம் உண்டு, லயத்தில் வீடு உண்டு. பேர் நீங்கினால் சம்பளம் மட்டுமன்று, தலைக்குமேல் இருக்கும் கூரையும் நீங்கும். அமெரிக்காவில் இக்கொடுமையை நடத்தியது உதவிச் சட்டம். ஓர் ஊரில் குறித்த காலம் குடியிருந்தவருக்கே அவ்வூர் உதவி செய்யும் என்ற விதி எங்கும் இருந்தது. இங்கிலாந்தில் 1662-ம் ஆண்டு இயற்றிய குடியிருப்புச் சட்டத்தின் வழிவந்த விதி அது. பல மாகாணங்களில் ஓராண்டுக் குடியிருப்பாவது காட்டவேண்டும். வீட்டை இழந்து வேலை தேடிப் புறப்பட்டவன் எப்படிக் காட்டுவான்? போகும் ஊரில் அவன் அந்நியன். ஒருவேளைக் கஞ்சியும் ஓர் இரவு தங்கலும் கொடுத்து, விடிந்ததும் வேற்றூர் போ என்பர். அடுத்த ஊரிலும் அதுவே நடக்கும். ஆதலின் அவனுடைய ஓயாத பயணத்துக்குக் காரணம் அவன் கால்களன்று. அவ்விதியே என்பது தெளிவு.

பெரியோரோடு பிள்ளைகளும் புறப்பட்டனர். அக்காலத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் சிறுவர் சிறுமியர் இவ்வாறு அலைந்ததாகக் கணக்கிடுவர். மின்னசோட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த தாமஸ் மினஹன் என்பார் கந்தலுடுத்தி அவர்களோடு கலந்து திரிந்து, தாம் கண்டதை 1934-ல் நூலாக எழுதினார். வீட்டில் உணவு போதவில்லை. தான் போனால் தம்பி தங்கையர்க்கு ஒரு கவளம் கூடுதலாகக் கிடைக்கும் என்று கிளம்பியவர் பலர். இரும்புக் கம்பியைப் பற்றிய அப்பிள்ளைகளை உல்லாசிகள் என்று கூறுதல் தகுமோ? பெண்மக்களில் பலர் இடர் அஞ்சி ஆண் உடை அணிந்து சென்றனர்.

வண்டியில் ஏறும் விதமும் உயிரோடு விளையாடுவதே. நிலையத்தில் காவலர் இருப்பராதலால், நிலையத்துக்கு வெளியே, வண்டி வேகம் கொள்ளுமுன் உடன் ஓடித் தொற்றவேண்டும். பெட்டியின் முன்பக்கத்து ஏணியைப் பிடிக்கவேண்டும் என்று பழகியவர் புதியவருக்குச் சொல்லித் தருவர். முன் ஏணியில் கை வழுவினால் பெட்டியின் பக்கத்தில் மோதி வெளியே விழலாம். பின் ஏணியில் வழுவினாலோ, இரு பெட்டிகளுக்கு நடுவே வீசப்பட்டுச் சக்கரத்தின்கீழ் போகநேரும். உள்ளே ஏறியவர்க்கும் அபாயம் நீங்கியதில்லை. ஏற்றிய மரமோ இரும்போ நகர்ந்து நசுக்கும். குளிர்காலத்தில் கைவிரல் விறைத்துப் பிடி தளரும். தூக்கத்தில் கூரையிலிருந்து உருண்டவரும் உளர். இருப்புப்பாதைகளில் அத்துமீறி நுழைந்தோர் என்று குறிக்கப்பட்டவருள், 1929 முதல் 1939 வரை இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று அரசாங்கக் கணக்கு கூறுகிறது. காயமுற்றோர் அதனினும் அதிகம்.

ரயில்வே கம்பெனிகளும் கணக்கு எழுதின. மிசூரி பசிபிக் கம்பெனி 1928-ல் தன் வண்டிகளில் கண்ட இத்தகையோர் 13,745 பேர். 1931-லோ 186,028 பேர். சதர்ன் பசிபிக் கம்பெனி 1932-ம் ஆண்டில் 683,457 பேரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டதாக அறிவித்தது. ஒருவனே பலமுறை இறக்கப்பட்டு, பலமுறை எண்ணப்பட்டிருப்பான் என்பது உண்மையே. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. ஊர்க் குடியிருப்பேட்டில் இவர்கள் பெயர் இல்லை. கூலிப் பட்டியில் இல்லை. உதவிப் பட்டியில் இல்லை. இவர்களை விடாமல் எண்ணி எழுதி வைத்த ஏடு காவற்காரனுடைய ஏடு ஒன்றே.

மூன்றாண்டுகளில் ஒரு கம்பெனியின் கணக்கு பதின்மூன்று மடங்குக்கும் மேலாக உயர்ந்ததற்கு விதிவாதிகள் என்ன விடை கூறுவர்? 1928-ல் நல்ல தலையெழுத்தோடு இருந்தவர் அத்தனை பேருக்கும் 1931-ல் பிரமன் திருத்தி எழுதினானா? அல்லது, முன்பு உழைப்பாளிகளாக இருந்தவர் ஒரே இரவில் சோம்பேறிகளாயினரா? பகுத்தறிவுள்ளோர் இவ்விரண்டையும் ஒப்பார்.

இருப்புப்பாதை ஓரத்தில் நீர்நிலை அருகே இவர்கள் கூடித் தங்கிய இடத்துக்குக் ‘காடு’ என்று பெயர். வருபவன் தன்னிடமுள்ள உருளைக்கிழங்கோ வெங்காயமோ பொதுச் சட்டியில் இடுவான். வெந்ததை எல்லோரும் பகிர்ந்துண்பர். உண்டபின் சட்டியைத் துலக்கி, அடுத்து வருபவனுக்காகக் கவிழ்த்துவைப்பது வழக்கம். ஆனால் இச்சமத்துவத்துக்கு நாட்டின் நிறவெறி எல்லை வகுத்திருந்தது. 1931-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி அலபாமா மாகாணத்தில் ஒரு சரக்கு வண்டியில் வெள்ளை இளைஞருக்கும் கறுப்பு இளைஞருக்கும் சண்டை மூண்டது. வண்டியை நிறுத்தி ஒன்பது கறுப்பு இளைஞரைப் பிடித்தனர். அதே வண்டியில் வந்த இரு வெள்ளைப் பெண்களைக் கற்பழித்தார்கள் என்று அவர்கள்மீது பொய்க்குற்றம் சுமத்தினர். ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில் சில நாட்களுக்குள் விசாரணை முடிந்து, எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அப்பெண்களில் ஒருத்தி தன் சொல் பொய்யென்று 1933-ல் சாட்சி கூறினாள். உச்ச நீதிமன்றம் இருமுறை அத்தீர்ப்புக்களைத் தள்ளிற்று. ஒருவரும் தூக்கிலிடப்படவில்லையாயினும், அவர்களுள் பலருடைய இளமை சிறையில் கழிந்தது. அலபாமா அவ்வழக்கின் களங்கத்தை முற்றும் துடைக்க 2013-ம் ஆண்டு வரை ஆயிற்று. வறுமை ஒரே வண்டியில் ஏற்றியவர்களைச் சாதிவெறி போன்ற நிறவெறி தனித்தனியே பிரித்துத் தண்டித்தது.

எல்லைக்கு வடக்கே கனடாவிலும் இதே நிலை. அங்கே வேலையற்ற இளைஞரை ராணுவ இலாகாவின் முகாம்களில் வைத்து, நாளொன்றுக்கு 20 சென்ட் கூலி கொடுத்தனர். 1935-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி ஏறக்குறைய ஆயிரம் பேர் வான்கூவரிலிருந்து தலைநகரான ஆட்டவாவை நோக்கிச் சரக்கு வண்டிகளின்மீது கூட்டமாகப் புறப்பட்டனர். தகுந்த கூலியும் உண்மையான வேலையும் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வழிநெடுக மக்கள் உணவளித்தனர். அரசாங்கம் ரெஜைனா நகரில் அவர்களைத் தடுத்தது. ஜூலை 1-ந் தேதி போலீசார் தாக்கியதால் கலகம் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில் பிரதம மந்திரி பென்னட் தோல்வியுற்றார். மறு ஆண்டு முகாம்கள் மூடப்பட்டன. தனித்தனியே ஏறியவரைக் காவலர் எளிதில் இறக்கிவிட்டனர். ஒன்றாக ஏறியவரை இறக்க ஓர் அரசாங்கமே முன்வரவேண்டியிருந்தது.

அமெரிக்காவில் 1933-ல் ரூஸ்வெல்ட் பதவியேற்றபின் நிலை மாறத் தொடங்கிற்று. குடியிருப்பு விதியைப் பாராமல் அலைவோருக்கு உணவும் தங்கலும் வைத்தியமும் அளிக்க மத்திய சர்க்கார் நிலையங்கள் திறந்தது. மணமாகாத இளைஞரைக் காடு வளர்ப்பு முதலிய வேலைகளில் அமர்த்தி, மாதம் 30 டாலர் கொடுத்தது. அதில் 25 டாலர் அவர்கள் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சோம்பேறி என்று பழிக்கப்பட்ட அதே இளைஞர் கோடிக்கணக்கான மரங்களை நட்டனர். ஆனால் அலைவோருக்கான நிலையங்கள் 1935-ல் மூடத் தொடங்கப்பெற்றன. விளைவு யாது? 1936-ம் ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தலைவர் 136 காவலரைக் கலிபோர்னியா மாகாண எல்லைகளுக்கே அனுப்பி, கையில் காசில்லாதவரைத் திருப்பியனுப்பச் செய்தார். சொந்த நாட்டுக்குள்ளேயே ஏழைக்கு மட்டும் ஓர் எல்லை!

அவ்வெல்லையைத் தகர்த்தது ஒரு வழக்கு. கலிபோர்னியாவில் வாழ்ந்த எட்வர்ட்ஸ் என்பவர் டெக்சாஸ் மாகாணத்திலிருந்த தம் மனைவியின் சகோதரரை மோட்டார் வண்டியில் அழைத்துவந்தார். வறியவரை மாகாணத்துக்குள் கொண்டுவருதல் குற்றம் என்ற சட்டத்தின்படி அவர் தண்டிக்கப்பட்டார். 1941-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்தது. வறுமையும் ஒழுக்கக்கேடும் ஒன்றல்ல என்பது அத்தீர்ப்பின் கருத்து. அடுத்த மாதமே அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. தொழிற்சாலைகள் ஆட்களைத் தேடின. வேலை கிடைத்தது, வாடகை கொடுக்க வழி பிறந்தது, சரக்கு வண்டிகளின் கூரைகள் காலியாயின. அவ்வளவு விரைவில் நீங்கிய ஒன்றைப் பிறவிக்குணம் என்று எங்ஙனம் கூறுவது?

நம் தோட்டத்து மக்களுக்கு இச்சரித்திரம் அந்நியமன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீட்டுமனைகளாக மாறியபோதும், லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்தின் ஓரத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டன. அவ்வாறு சென்றவரைத் திக்கற்றவர் என்றும், உருப்படாதவர் என்றும் நம்மவரே பேசக் கேட்கிறோம். வேலையோடு வீட்டையும் கட்டிவைத்த ஏற்பாட்டைக் குறைகூற நமக்கு நா எழவில்லை; அதில் அகப்பட்டு வீழ்ந்தவனைக் குறைகூற மட்டும் எழுகிறது.

அன்பர்களே! வீடற்ற ஒருவனைக் காணும்போது, இவன் செய்த பாவம் என்ன என்று கேட்பதை விடுவோம். இவன் பேர் எந்த ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது, நீக்கியவர் யார், மீண்டும் எழுத என்ன செய்யவேண்டும் என்று கேட்போம். வேலை போனாலும் வீடு போகாதபடி தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்ற கோரிக்கையைச் சங்கங்களிலும் கூட்டங்களிலும் விடாமல் எழுப்புவோம்.