ஜார்ஜ் ஜோசப்

ஜார்ஜ் ஜோசப் (சூன் 5, 1887 - மார்ச் 5, 1938) மதுரையில் வாழ்ந்த வழக்கறிஞரும் இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் ஆவார். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிறமலைக் கள்ளர், மறவர் ஆகியோருக்காக வாதாடியவர். அம்மக்கள் இவரை ரோசாப்பூ துரை என அன்புடன் அழைத்தனர்.

வாழ்க்கைக் குறிப்பு

கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் எடின்பரோ பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இலண்டனில் சட்டம் படித்து 1909 இல் நாடு திரும்பி, பின்னர் மதுரையில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். இதழாளர் போத்தன் ஜோசப் இவரது தம்பி ஆவார்.

குற்றப் பரம்பரைச் சட்ட எதிர்ப்பு

இச்சட்டம் ஒரு சமூகத்தில் பிறந்தவர் அனைவரையும் குற்றவாளிகளாகக் கருதியது. கைரேகைப் பதிவைக் கட்டாயமாக்கியது. இப்பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 இல் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஜோசப் நீதிமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் இச்சட்டத்தைத் தொடர்ந்து எதிர்த்தார்.

அரசியல்

1918 இல் மதுரைத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தார். காந்தியின் யங் இந்தியா இதழுக்கு 1923 இல் ஆசிரியராக இருந்தார். 1924 இல் வைக்கம் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். 1933 இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசருக்காக வாதாடினார். 1937 இல் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மறைவு

மதுரையில் தமது 50 ஆவது வயதில் காலமானார். இவர் எதிர்த்த சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இல் நீக்கப்பட்டது.