தரையில் நிற்பவரின் கண்

வையம்பட்டிப் பிள்ளைகள் திருச்சியிலிருந்துதான் துபாய்க்குப் போகிறார்கள். 2018 அக்டோபர் 12 அதிகாலை, அப்படி 136 பேருடன் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலேறியது. கருவிகள் எல்லாம் சரியாக இருப்பதாக விமானிகள் சொன்னார்கள். இடித்ததைச் சொன்னவர்கள் தரையில் இருந்தவர்கள். மும்பையில் பத்திரமாக இறங்கியபோது அடிப்பகுதி கிழிந்திருந்தது.

விமானி அறைக்குத் தெரியாதது தரைக்குத் தெரியும். அதிகாரிகளின் திடீர் சோதனைக்கும் அதுவே காரணம். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு, வந்திறங்கும் வெளிநாட்டு விமானத்தையும் ஆவணங்களையும் சோதிக்க உரிமை தருகிறது. வீண் தாமதம் மட்டும் கூடாது. விமானி லைசென்ஸையும் சான்றுகளையும் தயாராக வைத்து, வாதாடாமல் காட்ட வேண்டும். பாதுகாப்புக்குப் பங்கம் வரும் குறை என்றால் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும்.

விமானத்தில் படிக்கும், பணிபுரியும் என் பிள்ளைகளே, சோதிக்க வருபவர் உங்களுக்கு இன்னொரு கண். பயணம் போகிறவர்களே, அதனால் அரைமணி தாமதமானால் முணுமுணுக்காதீர்கள்.