பொறியியலும் தமிழும் போற்றிய துணைவேந்தர்

கல்வியாற் சிறந்தோர் வரலாற்றை நம்மவர் இல்லந்தோறும் அறிதல் வேண்டுமென்பது இத்திங்களிதழின் நோக்கங்களுள் ஒன்று. ஆதலின், பொறியியற் பேராசிரியராயிருந்து பல்கலைக்கழகத் தலைமை எய்திய வா. செ. குழந்தைசாமி அவர்கள் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அப்பெருமகனார் 1929-ஆம் ஆண்டு கருவூரை அடுத்த வாங்கலாம்பாளையத்திற் பிறந்தார். கரக்பூர்த் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, பின்னர் அமெரிக்க நாட்டு இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் நீரியலை ஆராய்ந்து, 1964-இல் முனைவர் பட்டம் பெற்றார். பெய்யும் மழை முழுதும் உடனே ஆற்றை அடைவதன்று. ஒரு பகுதி மண்ணுட் புகும்; எஞ்சியது மேடுபள்ளங்களிலும் ஓடைகளிலும் தங்கிப் பின்னரே வெள்ளமாய்ப் பெருகும். மழைக்கும் வெள்ளத்திற்கும் உள்ள இத்தொடர்பைக் கணிதத்தால் வகுத்ததே அவரது ஆராய்ச்சி. அது 'குழந்தைசாமி மாதிரி' என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. அணையும் பாலமும் அமைப்போர்க்கு இவ்வறிவு இன்றியமையாததன்றோ!

கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பேராசிரியராய் விளங்கிய அவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் அமர்ந்தார். 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகத்தையும், அதன்பின் 1994 வரை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் நடத்தினார். முன்னது நுழைவதற்கரிய வாயிலுடையது. பின்னதோ, தொழில் புரிவோரும் மனையறம் நடத்தும் மகளிரும் இருந்தவிடத்திருந்தே கற்க 1985-இல் தோன்றியது. இவ்விரண்டனையும் ஒருவரே ஆண்டமை கருதத்தக்கது.

இனி, அவர் தமிழ்த்தொண்டு. 'குலோத்துங்கன்' என்னும் புனைபெயராற் கவிதை யாத்தார். 'வாழும் வள்ளுவம்' என்னும் நூலுக்கு 1988-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்றார். இகர ஈகார உகர ஊகார உயிர்மெய்கள் 72-க்கும் ஒரே தன்மையான குறிகள் அமைப்பின் சிறார் கற்கும் வடிவங்கள் குறையுமென வாதித்தார். தமிழாசிரியராகிய நாம் இதற்கு உடன்பட்டிலேம். முன்னோர் ஏடுகளும் அச்சிட்ட நூல்களும் பின்னோர்க்கு அயலாகிவிடுமென்பது நம் அச்சம். எனினும், குழந்தையின் இடர்ப்பாட்டை எண்ணி எழுந்த அக்கருத்தை இகழ்தல் தகாது. ஆராய்ந்து விடை கூறுதலே முறை.

நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்குண்டு. மைந்தன் பொறியியல் பயிலப் புகுந்தவுடன், "இனித் தமிழ் எதற்கு?" என்று பெற்றோரே நூல்களைக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிடுகின்றனர். நம்மிடம் பயின்ற நன்மாணாக்கர் சிலர், சில ஆண்டுகளில், தாய்க்கு ஒரு கடிதமும் தமிழில் எழுதமாட்டாராய் நிற்கக் கண்டு நாம் வருந்தியதுண்டு. வெள்ளத்தைக் கணித்த கையே வள்ளுவத்தையும் எழுதிற்று. ஒன்றைக் கற்றற்கு மற்றொன்றைக் கைவிடல் வேண்டுமென்பது வெறும் மயக்கமே.

2016-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அன்பர்களே! பரண்மேலுள்ள அந்நூற்கட்டினை இன்றே இறக்கி, நும் மக்கள் கையிற் கொடுப்பீராக.