ஐபாடை சொருகியதும் கணினி முடங்குதா? 'ரீஸ்டோர்' பட்டனைத் தொடும் முன் இதைப் படிங்க!

பழைய ஐபாடை கணினியில் சொருகியதும் ஐடியூன்ஸ் திறக்கிறது. சிங்க் ஆகத் தொடங்கிய சில நொடிகளில் திரை நீலமாகி, விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஐபாட் தயாரிப்பை நிறுத்துவதாக ஆப்பிள் 2022 மே மாதமே அறிவித்துவிட்டது. ஆனாலும் பல வருஷமா சேர்த்த பாட்டெல்லாம் அதில் மட்டுமே இருப்பவர்களுக்கு இது இன்னும் தீராத தலைவலிதான்.

எது முடங்குகிறது?

ஐடியூன்ஸ் மட்டும் மூடிக்கொள்கிறதா, கணினியே விழுகிறதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சாதாரண மென்பொருள் தவறு செய்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும். ஆனால் டிரைவர்கள் பல, விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் ஓடுபவை. அங்கே கோளாறு வந்தால், டேட்டா கெட்டுப்போகாமல் இருக்க விண்டோஸ் மொத்த கணினியையும் நிறுத்திவிடும். அதுதான் நீலத்திரை (புதிய விண்டோஸ் 11-ல் கருப்புத்திரை).

2008 செப்டம்பரில் ஐடியூன்ஸ் 8 வெளியானபோது, விஸ்டா கணினிகள் சிலவற்றில் ஐபாட், ஐபோனை இணைத்ததுமே இப்படி நடந்தது. சந்தேகம் டிரைவர் மீதுதான் விழுந்தது. ஆப்பிள் சில நாட்களிலேயே இன்ஸ்டாலரை மாற்றி வெளியிட்டது.

நீலத்திரை வந்தால்...

முதலில் கேபிளை மாத்திப் பாருங்க. யூஎஸ்பி ஹப் வேண்டாம், கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் சொருகுங்க. அதற்கும் அடங்கவில்லையா? ஐடியூன்ஸை நீக்கி மறுபடி இன்ஸ்டால் செய்யலாம். இதில் வரிசை முக்கியம்: ஐடியூன்ஸ், ஆப்பிள் சாஃப்ட்வேர் அப்டேட், ஆப்பிள் மொபைல் டிவைஸ் சப்போர்ட், பான்ஜூர், கடைசியாக ஆப்பிள் அப்ளிகேஷன் சப்போர்ட். ஐடியூன்ஸை மட்டும் நீக்கினால் பழைய டிரைவர் அப்படியே தங்கிவிடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து இறக்கியவர்களுக்கு இந்த வேலை இல்லை, ஒரே தடவையில் நீக்கிவிடலாம். இதனால் மியூசிக் ஃபோல்டரில் உள்ள பாடல்கள் அழியாது. இருந்தாலும் அதை ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது.

ஐடியூன்ஸ் மட்டும் மூடினால்...

கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டே ஐடியூன்ஸைத் திறந்தால் பிளக்-இன்கள் இல்லாமல் ஓடும். அப்போது சரியாக வேலை செய்தால் குற்றவாளி ஏதோ ஒரு பிளக்-இன். இல்லையென்றால் லைப்ரரி ஃபைல் கெட்டிருக்கலாம். ஐடியூன்ஸ் ஃபோல்டருக்குள் 'ப்ரீவியஸ் ஐடியூன்ஸ் லைப்ரரீஸ்' என்ற இடத்தில் பழைய பிரதிகள் தேதியோடு இருக்கும். அதில் ஒன்றை எடுத்து, பெயரை மாற்றி, கெட்ட ஃபைலுக்குப் பதிலாக வைக்கலாம்.

உண்மையான ஆபத்து

மீண்டும் இன்ஸ்டால் செய்த பிறகோ புது கணினியிலோ, லைப்ரரி காலியாக இருந்தால், 'இந்த ஐபாட் வேறொரு லைப்ரரியுடன் இணைந்துள்ளது, அழித்துவிட்டு சிங்க் செய்யலாமா?' என்று ஐடியூன்ஸ் கேட்கும். அவசரத்தில் சம்மதித்தால் ஐபாடில் உள்ள பாட்டு மொத்தமும் காலி! சிங்க் என்பது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கணினியில் இல்லாதது ஐபாடிலும் இருக்காது. 'ரீஸ்டோர்' கொடுத்தாலும் இதே கதிதான்.

எனவே 'கேன்சல்' கொடுங்க. ஐபாட் கிளாசிக், நானோ வைத்திருப்பவர்கள் டிஸ்க் யூஸ் வசதியை ஆன் செய்தால் அது பென்டிரைவ் மாதிரி தெரியும். மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால், 'ஐபாட் கன்ட்ரோல்' ஃபோல்டருக்குள் 'மியூசிக்' இருக்கும். ஃபைல் பெயர்கள் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பாட்டு, ஆல்பம் பெயர்கள் ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருந்தால், கணினியில் காப்பி செய்து ஐடியூன்ஸில் சேர்த்ததும் திரும்ப வந்துவிடும்.